உன் கம்பெனிக்குள் ராயபுரம் வீடு

கண்ணு,

பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய கூரியர் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். இந்த வரியை நீ இன்னொரு முறை படி. உன் அம்மா ஓர் உறையை வாங்கி, அதைப் பிரித்தும் பார்த்திருக்கிறாள். அது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் உனக்கே தெரிந்துவிடும்.

உள்ளே ஒரு கட்டு இங்கிலீஷ் காகிதம். நான் கையெழுத்துப் போடவேண்டிய எட்டு இடங்களில் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டி அம்புகள் ஒட்டியிருந்தாய். மேலே ஒரு துண்டுச் சீட்டு: "அம்மா, அம்பு இருக்கிற இடத்தில் மட்டும் போட்டால் போதும். படிக்கத் தேவையில்லை." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். தையில் உன் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, பத்திரிகை வைக்க ஊர் ஊராகச் சுற்றவேண்டிய நேரத்தில் என்னைக் கடிதம் எழுத உட்கார வைத்துவிட்டாய்.

நீ போனில் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பெங்களூரில் ஒரு ஃபிளாட், ஹைதராபாத்தில் ஒன்று, கொச்சியில் இரண்டு கடைகள் வாங்கப்போகிறாய். மாநிலம் எத்தனை ஆனாலும் கம்பெனி ஒன்றுதான். ஒரே ஆடிட்டர், ஒரே பேங்க், ஒரே ஃபைல். அப்பாவின் கம்பெனி பெயரில் இருக்கிற லூதியானா குடோன், பாலக்காட்டுக் கட்டிடம், நாங்கள் குடியிருக்கிற இந்தத் திருப்பூர் ராயபுரம் வீடு, எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டால் பேங்க் உன்னைப் பெரிய ஆளாகப் பார்க்கும். "எல்லாம் ஒரே குடைக்குள்ள வந்துடும்மா" என்றாய். இதே வாக்கியத்தை, இதே குரலில், நான் போன் பேசிய இதே சோபாவில் உட்கார்ந்து உன் அப்பா ஒருநாள் சொன்னார்.

மறுநாள் கயல்விழி கூப்பிட்டாள். இன்னும் கழுத்தில் தாலி ஏறவில்லை, அதற்குள் அவளுக்கும் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறாய். "அத்தை, என்னையும் டைரக்டர்னு போட்டிருக்குதுங்க. அம்பு இருக்கற எடத்துல போட்டு அனுப்புன்னு சொன்னாருங்க. போடட்டுங்களா?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை. "இரு கண்ணு, பேனாவை மூடி வை" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நானும் ஒரு டைரக்டர்தான், மறந்துவிடாதே. பெருமாநல்லூரில் ஓடுகிற நம் பனியன் கம்பெனிக்கு இரண்டே டைரக்டர்கள், உன் அப்பாவும் நானும். சட்டப்படி நாங்கள் இருவரும் அவ்வப்போது உட்கார்ந்து மீட்டிங் போடவேண்டுமாம். போட்டிருக்கிறோம் என்று ஆடிட்டர் வீட்டு அலமாரியில் தடித்தடி நோட்டுகள் இருக்கின்றன. "டைரக்டர்கள் இருவரும் நீண்ட நேரம் விவாதித்து" என்று ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் சமையலறையில் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்திருப்பேன். ஆடிட்டர் வருவார், காபி குடிப்பார், பென்சிலில் பெருக்கல் குறி போட்டுவைத்த காகிதங்களை நீட்டுவார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எங்கீங்க போடோணும்?" என்று கேட்டு, குறி இருக்கிற இடத்தில் எல்லாம் போடுவேன். எவ்வளவு பழகிப்போனது என்றால், ஒருமுறை பால்காரர் அட்டையில் அவர் என்னவோ பெருக்கல் குறி போட்டிருக்க, அதிலும் என் முழுக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அந்த மாதம் முழுக்க அவர் என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்.

உன் அப்பாவுக்குப் போன இடத்தில் எல்லாம் ஓர் இடம் வாங்கவேண்டும். நூல் விஷயமாக லூதியானா போனார், குடோன் வாங்கினார். ஜவுளிக் கடைக்காரர் ஒருவரைப் பார்க்கப் பாலக்காடு போனார், கட்டிடம் வாங்கினார். கோவாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார், ஃபிளாட் வாங்கினார். அதில் மொத்தமே நான்கு நாள் தங்கினோம், அந்த நான்கு நாளும் வீட்டிலிருந்து கொண்டுபோன புளிச்சாதத்தைத்தான் தின்றோம். தனித்தனியாக வாங்கினால் தனித்தனியாக அலையவேண்டும் என்று எல்லாவற்றையும் பனியன் கம்பெனி பெயரிலேயே வாங்கினார். பாலக்காட்டில் திருப்பூர் பனியன் கம்பெனி இடம் வாங்கியிருக்கிறது என்று தெரிந்ததும், தையல் தெரிந்த பெண்கள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து வாசலில் நின்றார்களாம், வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டு.

சிம்லா போனபோது உனக்குப் பரீட்சை, நீ வரவில்லை. அங்கே ஒரு ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு உன் அப்பா சாப்பாடு இறங்காமல் கிடந்தார். புரோக்கரையும் இழுத்துக்கொண்டு நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்த இந்தி முழுவதும் நம் கட்டிங் டேபிளில் வேலை செய்கிற பையன்களிடம் கற்றது. ஆகவே உள்ளே நுழைந்ததும் அங்கே இருந்த அதிகாரியைப் பார்த்து "ஜல்தி கரோ", சீக்கிரம் செய், என்றார். அப்புறம் அங்கே யார் ஜல்தி செய்வார்கள்? வெளி மாநிலத்துக்காரர் இங்கே தோட்டம் வாங்குவது லேசில்லை, அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று புரோக்கர் மூலமாகச் சொன்னார்கள். "நாங்க பரம்பரை பரம்பரையா விவசாயிங்க" என்று உன் அப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அந்த அதிகாரி கையையும் பார்த்தார், காகிதத்தையும் பார்த்தார். "வாங்கப்போறது நீங்க இல்லையே, பனியன் கம்பெனிதானே? கம்பெனி ஏர் ஓட்டுமா?" என்று கேட்டாராம். ஒரு மாநிலத்தில் செல்லுபடியாகிற காகிதம் அடுத்த மாநிலத்தில் பொட்டலம் கட்டத்தான் ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உன் அப்பாவுக்கு அன்றைக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது "அதிகாரி சரியில்ல" என்றார்.

இப்போது இந்த வீட்டுக்கு வருகிறேன். இது என் அப்பா எனக்குக் கல்யாணத்தில் எழுதிக் கொடுத்த வீடு. உன் அப்பாவின் கம்பெனி நொடித்த வருஷத்திலும் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினோம் என்றால் இது தனியாக இருந்ததால்தான். பாலக்காட்டுக் கட்டிடம் வாங்கிய கையோடு, "எல்லாம் ஒரே குடைக்குள்ள வந்துடும்" என்று சொல்லி, என்னைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். நான் பாலக்காட்டுக் கட்டிடத்துக்குத்தான் இன்னும் ஏதோ கையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். பாலக்காட்டுக் கட்டிடத்தைத் திருப்பூரில் எப்படிப் பதிவார்கள் என்று கேட்கிறாயா? கேட்கிற புத்தி இருந்திருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, விக்கறதும் நீங்க, வாங்கற கம்பெனிக்குக் கையெழுத்துப் போடறதும் நீங்களா? சம்மதந்தானுங்களா?" என்று கேட்டார். எனக்கு அவர் கேட்டது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "அவரு எல்லாம் பாத்துக்குவாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டினேன். வரும் வழியில் நானே வண்டியை நிறுத்தச் சொல்லி அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்தேன். சொந்த வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே இனிப்புக் கொடுத்த பெண்பிள்ளை ராயபுரத்தில் நான் ஒருத்திதான்.

உன் அப்பா எந்த இடம் வாங்கினாலும் சிற்பிகள் இருக்கிற பூண்டிக்குப் போய்க் கல் பிள்ளையார் ஒன்று எடுத்துவந்து அங்கே வைப்பார். பாலக்காட்டுக்குப் போனவர் கனத்த பிள்ளையார். நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவரைத் தரையில் வைத்திருக்கலாம். ஊரே பார்க்கட்டும் என்று பழைய சுற்றுச்சுவரின் மேலே மாடம் கட்டி ஏற்றிவிட்டு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வர்கீஸ் என்பவருடைய அச்சகம். சுவர் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் சாய ஆரம்பித்திருக்கிறது. நல்ல மனிதர், நமக்கு ரிஜிஸ்டர் தபாலில் கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்றல்ல, ஏழு. கம்பெனியின் விலாசம் இந்த வீடுதானே, ஏழையும் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான்.

ஏன் பிரிக்கவில்லை என்று உன் அப்பா பல வருஷமாகக் கேட்டுவிட்டார், நீயும் கேட்பாய். வர்கீஸ் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைதான் அதிகம் அடிப்பார். மிச்சமாகிப்போன உறைகளில் கடிதத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறார். தங்கக்கோடு போட்ட ரோஸ் உறை, மூலையில் இரண்டு கிளி. அது முகூர்த்தக் காலம், நம் வீட்டுக்குத் தினமும் ஐந்தாறு பத்திரிகை வரும். பாலக்காட்டுக் கல்யாணத்துக்கு யார் போகப்போகிறார்கள் என்று ஏழையும் பிரிக்காமல் பத்திரிகைப் பையில் போட்டேன். ஒரே ஆள் வீட்டில் இத்தனை கல்யாணமா, பாவம், எத்தனை பெண்பிள்ளைகளோ என்று பரிதாபம்கூடப் பட்டேன். பிறகு கோர்ட்டிலிருந்து பழுப்பு உறை வந்தது. அதிலும் பாலக்காட்டு முத்திரை. கை தானாக அந்தப் பைக்குப் போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடு என்று ஒருத்தியைப் பழக்கிவிட்டு, உறையை மட்டும் பிரித்துப் படித்திருக்கவேண்டும் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆடி மழையில் சுவர் விழுந்தது, பிள்ளையாரோடு, நேராக அச்சு மெஷின் மேல். நல்லவேளை, ஆள் யாரும் இல்லை. கேஸ் போட்டார். நம் பக்கம் யாருமே போகவில்லை, தீர்ப்பு அவர் பக்கம் ஆனது. பாலக்காட்டுச் சுவருக்குப் பாலக்காட்டுக் கட்டிடம்தானே பதில் சொல்லவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். கம்பெனி ஒன்றென்றால் கம்பெனியின் சொத்து எல்லாம் பதில் சொல்லவேண்டுமாம். அதில் அவர்கள் கைவைத்தது இந்த வீட்டில்.

அமீனா வந்த நாள் உனக்குத் தெரியாது, நீ ஹாஸ்டலில் இருந்தாய். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் காகிதத்தோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். உன் அப்பா அவரைப் பத்திரிகை வைக்க வந்தவர் என்று நினைத்து, "வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்தார். நான் முறுக்கும் காபியும் கொண்டுவந்தேன். அவர் எழுந்திருக்கப் பார்க்கிறார், அப்பா தோளைப் பிடித்து உட்காரவைக்கிறார். "பொண்ணு ஊடா, மாப்பிள்ளை ஊடாங்க?" என்று கேட்டார். அவர் முறுக்கை மென்று விழுங்கிவிட்டு, "நான் கோர்ட்டுல இருந்து வர்றேனுங்க. இந்த ஊட்டை ஜப்தி பண்ணியிருக்குதுங்க. நோட்டீஸ் ஒட்டோணும், கொஞ்சம் பசை இருந்தாக் குடுங்க" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பசை எடுத்துவந்து கொடுத்தேன்.

நோட்டீசை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று உன் அப்பா அதன் மேலேயே நாள்காட்டி ஒன்றை மாட்டினார். வாசல் கதவுக்கு வெளியே நாள்காட்டி. வந்தவர்கள் எல்லாம் "இதென்னங்க வெளியில?" என்று கேட்டார்கள். "நல்ல நேரம் பாத்து உள்ள வரட்டும்னுதானுங்க" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சிரி, பரவாயில்லை, இப்போது நானும் சிரிக்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலையில் கோலம் போடக் குனியும்போதெல்லாம், இது என் வாசல்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. என் அப்பா கொடுத்த வீட்டில் நான் யாரோ ஒருத்தியைப்போல நடமாடினேன். உன் அப்பாவுக்கும் அது தெரியும். ஒருநாள் தேதித் தாளைக் கிழித்துக்கொண்டே, "தப்புப் பண்ணிப்போட்டேன் புள்ள" என்றார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

இருவரும் பாலக்காடு போய் வர்கீசைப் பார்த்தோம். "கடைசிக் கடுதாசியைத் தமிழ் தெரிஞ்ச ஆளை வெச்சு எழுதினேன்ங்க. உங்க பிள்ளையார் என் பக்கம் வர்றாருன்னு எழுதியிருந்தேன். அதுக்கும் பதில் இல்லை" என்றார். மூலையில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார், ஒரு கீறல் இல்லை. வர்கீஸ் அவருக்கு ஒரு செம்பருத்தி வேறு வைத்திருந்தார். கோவா ஃபிளாட்டை விற்று, மெஷினும் சுவரும் அவருக்குச் சரிசெய்து கொடுத்து, நோட்டீஸ் கிழிபடுவதற்குள் இரண்டு ஆடி போய்விட்டது. வீட்டை என் பெயருக்கு மாற்றுங்கள் என்று அன்றே சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பாத்துக்கலாம்தான் இன்றைக்கு உன் கூரியரில் வந்து நிற்கிறது.

நான் உன்னை வாங்காதே என்று சொல்லவில்லை. மாநிலத்துக்கு ஒரு கம்பெனி ஆரம்பி என்றும் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் நான்கு ஆடிட்டருக்குக் காபி கொடுத்தே கயல்விழிக்கு ஆயுள் தீர்ந்துவிடும். ஒரே கம்பெனியில் வசதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீ திருப்பூர்க்காரன். சாயம் போகிற சிவப்புத் துணியையும் வெள்ளையையும் ஒரே தொட்டியில் போடுகிற ஆளைக் கம்பெனி வாசலில் நிற்க விடுவோமா? எது சாயம் போகும் என்று வாங்கும்போது தெரியாது. அதனால் போனாலும் பரவாயில்லை என்கிற சொத்தைச் சேர்த்து வை, படுத்துத் தூங்குகிற வீட்டைத் தள்ளி வை. கொச்சிக்கு ஒரு வக்கீல், ஹைதராபாத்துக்கு ஒரு வக்கீல் என்று அந்தந்த ஊர்க்காரரைக் கேள். அகலக்கால் வைக்கிறவன் தரையைப் பார்த்தாவது வைக்கவேண்டும்.

நேற்றுக் காலை ஆடிட்டரை வரவழைத்தேன். காபி கொடுத்தேன். "பென்சிலை உள்ள வைங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எங்கள் கம்பெனியின் டைரக்டர்கள் இருவரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து நிஜமாகவே மீட்டிங் போட்டோம். லூதியானாவும் பாலக்காடும் உனக்கு, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ராயபுரம் வீட்டைக் கம்பெனி எனக்கே திருப்பி எழுதிக்கொடுப்பது என்று தீர்மானம். செலவு ஆகும் என்று ஆடிட்டர் இழுத்தார். மைசூர்பாகுக்கு ஆன செலவு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆடிட்டர் காகிதத்தை டைப் அடித்துக்கொண்டுவந்து வைத்ததும் உன் அப்பா பேனாவைத் திறந்துகொண்டு, "எங்க போடோணும்?" என்று கேட்டார்.

"படிச்சுட்டுப் போடுங்க" என்றேன்.

மனிதர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி முதல் வரியிலிருந்து படித்தார். காபி ஆறிப்போனது. பாதியில் நிமிர்ந்து, "ஏம்புள்ள, இதுல விக்கறது யாரு, வாங்கறது யாரு?" என்று கேட்டார்.

"விக்கறது நாம ரெண்டு பேருங்க. வாங்கறது நான் மட்டும்."

மிச்சப் பாதியையும் படித்து முடித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார், போடவேண்டிய இரண்டு இடத்திலும், குறி எதுவும் இல்லாமலே. போட்டுவிட்டு அவரே எழுந்துபோய் எனக்கு வேறு காபி கலந்து கொண்டுவந்தார்.

உன் காகிதங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீடு வருகிற பக்கங்களை எடுத்துவிட்டு மற்றதை மறுபடி டைப் அடித்து அனுப்பு, போடுகிறேன். எட்டு அம்புகளையும் உரித்து எடுத்துவிட்டேன். மளிகை டப்பாக்களில் ஒட்டியிருக்கிறேன், உன் அப்பா இனிமேல் சர்க்கரையைத் தேடிக் கத்தமாட்டார். கயல்விழியின் கட்டிலிருந்தும் அம்பை எல்லாம் உரித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் படித்துக் காட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும். படித்து முடித்த பிறகு எங்கே போடுவது என்று அவளுக்கே தெரியும். போடமாட்டேன் என்று சொன்னாலும் அவளோடு சண்டைக்கு நிற்காதே, என்னைக் கூப்பிடு.

இப்படிக்கு,
எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிற
உன் அம்மா